ஒரே ஒரு முறை கிடைக்கும் பெயின்ட்

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரின் ஸுஃபன்ஹவுஸன் பகுதியில் போர்ஷே நிறுவனத்தின் 911 கார் தயாராகிறது. அந்தக் காரின் டர்போ, ஜி.டி.3 போன்ற அகன்ற உடல் வகைகளை அருகே நின்று கவனித்தால், பின் சக்கரத்துக்கு முன்னால் புடைத்து நிற்கும் பக்கத் தகட்டில் மிக மெல்லிய ஒரு கோடு தெரியும். நிறமற்ற ஒரு படலத்தின் ஓரம் அது. கார் ஆலையை விட்டு வெளியே வரும்போதே அதை ஒட்டித்தான் அனுப்புகிறார்கள். 1970-களில் வந்த 911 டர்போ கார்கள் பலவற்றில் அதே இடத்தில் கறுப்புப் படலம் ஒட்டப்பட்டிருந்தது. முன் சக்கரம் வாரி எறியும் கற்கள் நேராக வந்து அடிக்கும் இடம் அது. தன் பெயின்ட்டின் தரத்தைப் பற்றிப் பெருமைப்பட எல்லாக் காரணமும் உள்ள ஒரு நிறுவனம், அந்த ஓரிடத்தில் பெயின்ட் கல்லடி தாங்காது என்பதைத் தானே ஒப்புக்கொண்டு மூடி அனுப்புகிறது. காருக்குப் படலம் தேவையா என்ற வாதத்தில் இதைவிட நேர்மையான சாட்சி கிடைக்காது.

இன்று இந்தப் படலம் தனி வணிகமாக வளர்ந்துவிட்டது. பெயின்ட் புரொடெக்‌ஷன் ஃபிலிம், சுருக்கமாக பி.பி.எஃப்., என்ற பெயரில் உலகின் எல்லாப் பெரிய நகரங்களிலும் ஒட்டித் தருகிறார்கள். அதைச் சுற்றி இரண்டு கட்சிகள் உருவாகியிருக்கின்றன. தலை முதல் கால் வரை காரைப் போர்த்தாவிட்டால் அது பாழாகிவிடும் என்கிறது ஒரு கட்சி. பணக்காரர்களின் வீண் செலவு, ஓட்டுவதற்கு வாங்கிய காரைப் பொத்திப் பொத்தி வைப்பானேன் என்கிறது மற்றது. படலம் பளபளப்புக்கானது என்று நினைப்பதுதான் இரண்டு கட்சிகளுக்கும் பொதுவான பிழை. பளபளப்பை மெருகூட்டி மீட்டுவிடலாம். ஆலையில் பூசப்பட்ட முதல் பெயின்ட்டை மீட்க முடியாது. அது ஒரு காருக்கு வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் கிடைக்கிறது. படலத்தின் வேலை அதைக் காப்பது. இதை ஏற்றுக்கொண்டால் எங்கே ஒட்ட வேண்டும், எங்கே வேண்டாம், எவ்வளவு செலவிடலாம் என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை தானாகவே கிடைத்துவிடும்.

முதலில் அடிபடுவதைப் பார்ப்போம். ஒரு கிராம் எடையுள்ள சிறு கல் சாலையில் கிடக்கிறது. முன்னால் போகும் வண்டியின் டயர் அதை மேலே தூக்கிவிட, பின்னால் வரும் கார் அதன்மீது போய் மோதுகிறது. மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. மணிக்கு 100 கிலோமீட்டரில் செல்லும் கார் 250 கிலோமீட்டரை எட்டும்போது வேகம் இரண்டரை மடங்குதான் கூடுகிறது, அதே கல் தரும் அடியோ ஆறேகால் மடங்கு. ஜெர்மனியின் விரைவு நெடுஞ்சாலையான ஆட்டோபானில் பல பகுதிகளில் வேக வரம்பு கிடையாது. 250 என்பது அங்கே ஏட்டுக் கணக்கு அல்ல. விளையாட்டுக் காரின் உடலமைப்பும் இதற்குத் துணைபோகிறது. மூக்கு தரையை ஒட்டித் தாழ்ந்திருக்கிறது. டயர்கள் அகலமானவை, ரப்பர் மென்மையானது. சூடானதும் பிசுபிசுத்து மணலையும் பொடிக்கல்லையும் ஒட்டி எடுத்துக்கொள்கிறது. எடுத்ததைக் காரின் உடல்மீதே வீசுகிறது. பந்தயத் தடத்தில் ஓட்டினால் மற்ற கார்களின் டயரிலிருந்து உரிந்த ரப்பர் துணுக்குகளும் இதோடு சேர்ந்துகொள்ளும். குளிர்காலத்தில் பனி உருகுவதற்காகத் தூவும் உப்பும், வழுக்காமல் இருக்கப் போடும் சரளையும் ஐரோப்பா போன்ற குளிர்ப் பகுதிச் சாலைகளில் கூடுதல் சோதனை.

இந்த அடியை வாங்கப்போவது எவ்வளவு மெல்லிய ஒன்று என்பது பலருக்குத் தெரியாது. காரின் தகட்டுக்கு மேலே நான்கு அடுக்குகள் இருக்கின்றன. வெற்று உடலை ஒரு பெரிய தொட்டியில் முழுக்கி மின்னேற்றத்தால் பூசும் முதல் பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட். நான்கும் சேர்ந்து பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. நிறத்தின் ஆழமாக நம் கண்ணுக்குத் தெரியும் பேஸ் கோட் மட்டும் 15, 20 மைக்ரான்தான். கிளியர் கோட் 40, 50 மைக்ரான். மெருகூட்டும்போதெல்லாம் தேய்த்து எடுப்பது இந்தக் கிளியர் கோட்டைத்தான் என்பதால், மெருகூட்டலுக்கும் ஓர் எல்லை உண்டு.

இந்த மெல்லிய தோலின் வலிமை அது வெந்த சூட்டிலிருந்து வருகிறது. மின்னேற்றப் பூச்சு 160 டிகிரி செல்சியஸுக்கும் மேலான சூட்டிலும், மேல் பூச்சுகள் சுமார் 140 டிகிரியிலும் சூளையில் வேகின்றன. அப்போது உள்ளே எஞ்சின் கிடையாது, இருக்கை கிடையாது, ஒயர் கிடையாது. வெற்றுக்கூடு மட்டுமே. கார் முழுமை பெற்ற பிறகு அந்தச் சூட்டை அதற்குக் காட்ட முடியாது. ரப்பரும் பிளாஸ்டிக்கும் மின்னணுக் கருவிகளும் கெட்டுவிடும். அதனால் பணிமனையில் மறுபடி பெயின்ட் அடிப்பவர்கள் வேறு வேதியியலை நம்புகிறார்கள்: இரண்டு பொருள்களைக் கலந்து தானாக இறுகும் பெயின்ட்டைத் தெளித்து, சுமார் 60 டிகிரியில் உலர்த்துகிறார்கள். தேர்ந்த கைவினைஞர் செய்தால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, அவர்கள் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அது வேறு பெயின்ட். தகட்டுக்கும் பூச்சுக்கும் நடுவே ஆலையில் உண்டான பிடிப்பை அது மீட்டுத் தருவதில்லை. மெட்டாலிக் நிறமாக இருந்தால் உலோகத் துகள்கள் படியும் கோணம்கூட மாறும். நிறம் ஒத்துப்போக அடுத்த தகடுவரை பெயின்ட்டை இழுத்து மங்கவிட வேண்டியிருக்கும். ஒரு தகட்டின் தழும்புக்காக இரண்டு தகடுகளின் மூலப் பெயின்ட் போகிறது.

இந்த இடத்தில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். காரின் எல்லாப் பகுதிகளும் சமமாக ஈடுசெய்ய முடியாதவை அல்ல. முன் பம்பர்தான் அதிகமாகக் கல்லடி படுகிறது. அது பிளாஸ்டிக், ஆலையிலேயே குறைந்த சூட்டில் தனியாகப் பெயின்ட் அடிக்கப்படுவது. கழற்றி எடுத்து மறுபடி பூசி மாட்டினால் பெரிய இழப்பு இல்லை. பானெட்டையும் முன் பக்கத் தகடுகளையும் கழற்றலாம், ஆனால் அவற்றின் மூலப் பெயின்ட் சூளையில் வெந்தது. பின் சக்கரத்தின் மேலுள்ள பக்கத் தகடோ காரின் கூட்டோடு சேர்ந்தே இருப்பது. அதைத் தொட்டால் மேற்கூரைவரை யோசிக்க வேண்டும். 911-இன் பின் தகட்டில் ஆலை படலம் ஒட்டுவதற்குக் காரணம் கற்கள் அங்கே வந்து அடிப்பதுதான். மறுபூச்சுக்கு மிகக் கடினமான இடமும் அதுவே என்பதால் அந்தச் சிறு படலத்தின் மதிப்பு இன்னும் கூடுகிறது என்பது என் கணிப்பு.

படலத்தின் கதை கார்களிடம் தொடங்கவில்லை. வியட்நாம் போரின்போது அமெரிக்க ராணுவ ஹெலிகாப்டர்களின் சுழலும் இறக்கைகளை மணலும் கல்துகளும் அரித்துக்கொண்டிருந்தன. இறக்கையின் முன்விளிம்பைக் காக்க 3எம் நிறுவனத்தின் பாலியூரித்தேன் படலம் பயன்பட்டது. பிறகு பந்தயக் கார்களுக்கும், அங்கிருந்து சாலைக் கார்களுக்கும் வந்தது. பாலியூரித்தேன் வேதியியலை 1937-இல் ஜெர்மனியின் லெவர்குசன் நகரில் உருவாக்கியவர் ஓட்டோ பேயர். அதன் மூலக்கூறுச் சங்கிலியில் விறைப்பான பகுதிகளும் மென்மையான பகுதிகளும் மாறி மாறி அமைந்திருக்கும். மென்பகுதி நீண்டு கொடுக்கிறது, விறைப்பான பகுதி கிழியாமல் பிடித்து நிறுத்துகிறது. கிளியர் கோட் கெட்டியானது, அதனாலேயே நொறுங்கக்கூடியது. கல் பட்டதும் அதிர்ச்சி ஒரு புள்ளியில் குவிந்து, அடுக்குகளுக்கு நடுவே பிளவு உண்டாகி, ஒரு செதில் பெயர்ந்து விழுகிறது. மேலே படலம் இருந்தால் அதே அடி சற்றே அதிக நேரத்துக்கும் சற்றே அகன்ற பரப்புக்கும் பரவுகிறது. ஆற்றலில் ஒரு பகுதியைப் படலம் உள்ளுக்குள் வெப்பமாகக் கரைத்துவிடுகிறது. 150 முதல் 200 மைக்ரான் கனம் என்பது கேட்பதற்குச் சொற்பமாக இருக்கலாம், ஆனால் அது அடியில் உள்ள நான்கு அடுக்குப் பெயின்ட்டைவிடத் தடிப்பானது. செருப்பின் அடி தேய்வது கால் தேயாமல் இருக்கத்தான். படலமும் தேய்வதற்கென்றே ஒட்டப்படுவது.

கார்த் தொழிலில் கல்லடியைத் தாங்கும் திறனை அளக்க முறையான சோதனைகளே இருக்கின்றன. அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்தின் ஜே400 சோதனையில், பெயின்ட் அடித்த தகட்டை ஒரு பெட்டிக்குள் நிறுத்தி, அழுத்தப்பட்ட காற்றால் சரளைக்கற்களை அதன்மீது வீசுகிறார்கள். பிறகு ஒட்டுநாடாவை வைத்துத் தளர்ந்த செதில்களை உரித்தெடுத்து, எத்தனை தழும்பு, எவ்வளவு பெரியது என்று எண்ணித் தரம் பிரிக்கிறார்கள். எந்தப் பெயின்ட்டும் தழும்பே இல்லாமல் வெளிவரும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. எத்தனை தழும்புவரை ஏற்கலாம் என்பதுதான் அங்கே கேள்வி.

இதைக் கேட்டதும், செராமிக் கோட்டிங் போட்டாயிற்றே, அது போதாதா என்று பலர் கேட்பார்கள். போதாது. காரணம் எளிது. செராமிக் கோட்டிங் என்பது சிலிக்காவை அடிப்படையாகக் கொண்ட திரவம். உலர்ந்த பிறகு அதன் கனம் மைக்ரான் கணக்கில் ஒன்றிரண்டு, பல சமயம் அதற்கும் கீழே. தண்ணீர் ஒட்டாமல் உருண்டு ஓடுவதும், அழுக்கு எளிதில் கழுவப்படுவதும் அதனால் கிடைக்கும் உண்மையான பயன்கள். அவற்றை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு மைக்ரான் படிவு ஒரு கல்லின் வேகத்தை எப்படி வாங்கிக்கொள்ளும்? விளம்பரங்களில் வரும் 9எச் என்ற அளவும் மக்களைக் குழப்புகிறது. அது பென்சில் கூர்களால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. வைரத்தை உச்சியில் வைக்கும் கனிமக் கடினத்தன்மை அளவு முற்றிலும் வேறு. சாலை மணலில் உள்ள குவார்ட்ஸ் எந்தப் பென்சிலையும்விடக் கடினமானது. கழுவ எளிதாக வேண்டும் என்பவர் கோட்டிங் போட்டுக்கொள்ளட்டும், படலத்தின் மேலேயே அதைப் பூசுவதும் உண்டு. ஒன்றுக்குப் பதில் மற்றொன்று என்று விற்பதுதான் தவறு.

கனமான எதிர்வாதம் வேறொன்று. கார் ஓடுவதற்கானது, தழும்பு அதன் வாழ்க்கைக் குறிப்பு, துரு பிடிக்கும் காலமும் போய்விட்டது, பிறகு எதற்கு இந்தப் பதற்றம் என்கிறார்கள். துருவைப் பற்றி அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரி. 1970-களின் நடுவிலேயே போர்ஷே 911-இன் உடலுக்குத் துத்தநாகம் பூசிய எஃகைக் கொண்டுவந்துவிட்டது. 2018-இல் அறிமுகமான 992 தலைமுறையில், பம்பர்களைத் தவிர வெளித்தோல் முழுவதுமே அலுமினியம். கல்லடி பட்ட இடத்தில் செந்துரு வந்து தகடு ஓட்டையாகும் என்று பயமுறுத்திப் படலம் விற்பது இந்தக் கார்களுக்குப் பொருந்தாது. அலுமினியத்திலும் உப்பு நுழைந்தால் பெயின்ட்டுக்கு அடியில் வெண்ணிற அரிப்பு இழை இழையாக ஓடும் என்பது உண்மைதான், ஆனால் தழும்பை உடனே தொட்டுப் பூசி அடைத்தால் அதைத் தடுக்கலாம். துருவின் பெயரால் படலத்தை ஆதரிக்க நான் தயாராக இல்லை. ஆதரிப்பது மூலப் பெயின்ட்டின் பெயரால். தழும்பை அழகாகக் கருதும் உரிமையாளர் அதோடு வாழலாம், அதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் அவர் என்றைக்காவது அலுத்துப்போய் மறுபடி பெயின்ட் அடிக்கும் நாளில், திரும்பப் பெற முடியாத ஒன்றைக் கொடுத்துவிட்டு ஈடு செய்யக்கூடிய ஒன்றை வாங்குகிறார். மேலும் கார் ஓடுவதற்கானது என்று சொல்பவருக்குத்தான் படலம் உண்மையில் பயன்படும். கொட்டகையில் நிற்கும் காரைக் கல் தேடி வந்து அடிக்காது.

மறுபடி பெயின்ட் அடிப்பதை ஒரு கணக்குப் பிரச்சினையாக மட்டும் பார்ப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. இரண்டு பொருள் கலக்கும் பெயின்ட்டை இறுக வைப்பவை ஐசோசயனேட்டுகள். தெளிக்கும்போது அவை மூச்சில் போனால் ஆஸ்துமாவை உண்டாக்கலாம். பெயின்ட் தெளிக்கும் தொழிலாளர்களுக்கு வரும் தொழில்சார் ஆஸ்துமாவுக்கு இவை நன்கு அறியப்பட்ட காரணம். முறையான சுவாசக் கவசம் இல்லாத பணிமனைகளில் இதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று சொல்லத் தேவையில்லை. படலமும் ஒரு பிளாஸ்டிக்தான், உரித்த பிறகு பெரும்பாலும் குப்பைக்குத்தான் போகிறது. அதனால் அதைச் சுற்றுச்சூழலின் நண்பன் என்று அழைக்க மாட்டேன். தேவையில்லாத இடத்தில் ஒட்டாதீர்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

படலமே பெயின்ட்டைக் கெடுக்கும் என்ற அச்சத்துக்கு வரலாற்று அடிப்படை இருக்கிறது. ஆரம்ப காலப் படலங்கள் சில ஆண்டுகளிலேயே மஞ்சளித்தன. வெள்ளைக் காரின் மூக்கு மட்டும் தேநீர் நிறத்துக்குப் போனதைப் பார்த்தவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். பாலியூரித்தேனில் அரோமேட்டிக், அலிஃபேட்டிக் என்று இரண்டு குடும்பங்கள் உண்டு. முதலாவது புற ஊதாக் கதிரில் மஞ்சளாகும், இரண்டாவது நன்றாகத் தாக்குப்பிடிக்கும். இன்று நல்ல நிறுவனங்கள் தருவது அலிஃபேட்டிக் வகைத் தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேன், அதாவது டி.பி.யு. அதன் மேல் இன்னொரு மெல்லிய பூச்சு இருக்கிறது. துணி துடைத்ததால் வரும் நுண்கீறல்கள் வெயிலிலோ வெந்நீரிலோ சூடானதும் அந்தப் பூச்சின் மூலக்கூறுகள் பழைய வடிவுக்குத் திரும்ப, கீறல் மறைகிறது. தானே ஆறும் படலம் என்று சொல்வது இதைத்தான். சாவியால் ஆழமாகக் கிழித்தால் எந்த வெயிலும் ஆற்றாது. பறவை எச்சத்தையும் பூச்சிக் கறையையும் நாள்கணக்கில் விட்டால் படலத்திலும் தடம் விழும். மலிவாகக் கிடைக்கும் பி.வி.சி. படலம் இவற்றில் எதையும் செய்யாது. விறைத்து, மஞ்சளித்து, உரிக்கும்போது துண்டு துண்டாக உடைந்து, பசையைப் பெயின்ட்டிலேயே விட்டுவிட்டுப் போகும்.

நல்ல படலம் கிடைத்தாலும் ஒட்டும் கை சரியில்லை என்றால் எல்லாம் வீண். பிராண்டைவிட ஒட்டுபவரே முக்கியம் என்பது இந்தத் துறையில் உள்ளவர்களே ஒப்புக்கொள்ளும் உண்மை. முதலில் காரைக் கழுவி, களிமண் போன்ற மென்கட்டியால் தேய்த்து, பெயின்ட்டில் பதிந்த இரும்புத் துகளையும் தாரையும் எடுக்க வேண்டும். கீறல்கள் இருந்தால் மெருகூட்டிச் சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் அவை படலத்துக்கு அடியில் ஆண்டுக்கணக்கில் பத்திரமாக இருக்கும். பிறகு சோப்பு நீர் தெளித்து, படலத்தை நழுவவிட்டு இடம் பார்த்து, ரப்பர் துடைப்பானால் நீரை வெளியே தள்ளி ஒட்ட வேண்டும். தூசியில்லாத அறை வேண்டும். ஒரு முடி உள்ளே மாட்டினாலும் அது அங்கேயே இருக்கும். மிகவும் அஞ்ச வேண்டியது கத்தி. காரின் மேலேயே படலத்தை வைத்து அளவுக்கு வெட்டும் முறையில் கை சற்று அழுந்தினால், காக்க வந்த பெயின்ட்டையே பிளேடு கீறிவிடும். இதைத் தவிர்க்க ஒவ்வொரு கார் மாடலுக்கும் தகட்டின் அளவைக் கணினியில் வைத்து, முன்கூட்டியே எந்திரத்தால் வெட்டும் முறை வந்தது. இன்று படலத்துக்குப் பெயர்பெற்ற எக்ஸ்பெல் நிறுவனம் 1997-இல் டெக்சாஸில் தொடங்கியபோது விற்றது இந்த வெட்டு மென்பொருளைத்தான். எந்திரம் வெட்டிய துண்டில் ஓரம் ஒரு மில்லிமீட்டர் குறைந்து தெரியலாம், அங்கே அழுக்குக் கோடும் படியலாம். கத்திக் கீறலோடு ஒப்பிட்டால் அது ஒரு குறையே அல்ல.

உரிக்கும்போது பெயின்ட்டும் சேர்ந்து வந்துவிடாதா என்ற கேள்விக்கும் இதுவரை சொன்னதிலேயே விடை இருக்கிறது. சூளையில் வெந்த மூலப் பெயின்ட்டின் பிடிப்பு படலத்தின் பசையைவிட வலுவானது. நீராவியாலோ வெப்பக் காற்றாலோ இளக்கி, தாழ்ந்த கோணத்தில் நிதானமாக இழுத்தால் அது அசையாது. பெயர்ந்து வருவது பெரும்பாலும் மறுபூச்சு பெற்ற தகடுகளில்தான். அண்மையில் பெயின்ட் அடித்த தகடாக இருந்தால் உள்ளிருக்கும் கரைப்பான் வெளியேறச் சில வாரங்களாவது விட்டுத்தான் ஒட்ட வேண்டும். வயதான படலத்தைக் கிடக்கட்டும் என்று விடுவதும் கெடுதல். உத்தரவாதக் காலம் ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு என்று எதுவாக இருந்தாலும், அது முடியும்போது உரித்துவிட வேண்டும்.

இனி முழுக் காரையும் போர்த்துவது பற்றி. அமெரிக்காவில் ஒரு விளையாட்டுக் காரை முழுதும் போர்த்த ஐயாயிரம் டாலருக்கு மேல் ஆவது சாதாரணம். முன்பகுதிக்கு மட்டும் என்றால் அதில் பாதிக்கும் கீழே முடிந்துவிடும். கூரையில், பின் மூடியில், கதவின் மேல்பாதியில் கற்கள் வந்து அடிப்பது அபூர்வம். அங்கே வருவது துணிக் கீறலும் பறவை எச்சமும், கவனமாகக் கழுவினாலே பெரும்பகுதி தவிர்க்கலாம். எடையையும் சொல்லிவிடுகிறேன், பந்தயத் தடத்துக்குப் போகிறவர்கள் கேட்பார்கள்: சதுர மீட்டருக்குச் சுமார் கால் கிலோ, முழுக் காருக்கு மூன்று கிலோவை ஒட்டி வரும். அது தடையாகாது. தடை பணமும் பிளாஸ்டிக்கும்தான். காரை விற்கும்போது போட்ட பணம் திரும்பி வந்துவிடும் என்பதையும் நம்ப வேண்டாம். படலத்துக்கென்று யாரும் முழு விலை தருவதில்லை. சேகரிப்பாளர்கள் விலை தருவது மூலப் பெயின்ட்டுக்கு. பெயின்ட்டின் கனத்தை அளக்கும் கருவியைத் தகட்டில் வைத்து, 200 மைக்ரானுக்கு மேல் காட்டினால் மறுபூச்சோ என்று சந்தேகப்படுவார்கள். படலம் ஒட்டிய காரில் அந்த எண் கூடுதலாகத்தான் வரும் என்பதால், ஒட்டிய ரசீதைப் பத்திரமாக வைத்திருப்பது நல்லது. முழுப் போர்வைக்கு நான் ஏற்கும் ஒரே விதிவிலக்கு மேட் பெயின்ட். அதை மெருகூட்டவே முடியாது, தேய்த்த இடம் பளபளத்துத் தனியாகத் தெரியும். ஒரு கீறலுக்கு ஒரு தகட்டையே பூச வேண்டிய அந்தக் கார்களுக்கு, அதே மங்கல் தன்மை கொண்ட படலத்தால் முழுதும் மூடுவது நியாயமான செலவு.

நம் ஊரில் இந்தப் படலம் இப்போது சாதாரணக் கார்களுக்கும் விற்கப்படுகிறது. மகாராஷ்டிரத்தின் கார்வாரே ஹை-டெக் ஃபிலிம்ஸ் நிறுவனம் இந்தியாவிலேயே இதைத் தயாரிக்கிறது. முழுக் காருக்கு ஒரு லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் கேட்கிறார்கள். பத்து லட்சம் ரூபாய்க் காருக்கு, அதுவும் நகர நெரிசலில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிற காருக்கு, இந்தச் செலவு பொருந்தவில்லை. பக்கத்தில் உரசிச் செல்லும் இருசக்கர வாகனத்தின் கீறலைப் படலம் ஓரளவு தாங்கும். அதற்காகப் பத்தில் ஒரு பங்கு விலையைக் கொடுப்பதைவிட, உரசிய இடத்தில் பட்டி பார்த்துப் பெயின்ட் அடிப்பதே மலிவு. ஒரு சந்தேகத்தையும் தீர்த்துவிடலாம்: 2012-இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது ஜன்னல் கண்ணாடியில் ஒட்டும் கறுப்புப் படலத்தை. பெயின்ட்டின் மேல் ஒட்டும் நிறமற்ற படலத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

விளையாட்டுக் கார் வாங்குகிறவருக்கு, அது எந்த நாட்டுச் சாலையில் ஓடினாலும், என் பரிந்துரை இதுதான். முதல் நீண்ட பயணத்துக்கு முன்பே ஒட்டிவிடுங்கள், ஏனென்றால் தழும்பு விழுந்த பிறகு ஒட்டினால் தழும்பையும் சேர்த்துத்தான் காக்க முடியும். பொருள் அலிஃபேட்டிக் டி.பி.யு.தானா என்று கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள். காரின் மேல் கத்தி படுமா என்று கேளுங்கள். அந்தக் கடையில் மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒட்டிய ஒரு காரைக் காட்டச் சொல்லுங்கள். புதிதாக ஒட்டியதைப் பார்த்து எதையும் தீர்மானிக்க முடியாது. பானெட், முன் பக்கத் தகடுகள், பக்கக் கண்ணாடிகளின் கூடுகள், பின் சக்கரத்துக்கு முன்னால் உள்ள பகுதி, பணம் மிஞ்சினால் முன் பம்பர், இவ்வளவு போதும். மீதிப் பணத்தை டயருக்கும் பெட்ரோலுக்கும் வைத்துக்கொண்டு காரை நன்றாக ஓட்டுங்கள்.